செப்டம்பரில் ஜே.என்.யூ.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், அதாவது ஜே.என்.யூ.வில் படித்தேன் என்று சொன்னால் நம்மூரில் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். ஒன்று, "அடேங்கப்பா" முகம். இன்னொன்று, இவள் பையை ஒரு தரம் சோதித்துப் பார்த்தால் தேவலை என்கிற முகம். இரண்டு பேருக்கும் நினைவில் இருப்பது 2016 பிப்ரவரிதான்: டிவியில் பார்த்த கோஷம், கைது, தேசத்துரோக வழக்கு. எனக்கு அந்த வளாகம் என்றால் செப்டம்பர். மழை ஓய்ந்து ஆரவல்லிப் பாறைகளுக்கு நடுவே புதர்கள் இடுப்பளவு வளர்ந்து கிடக்கும். புழுக்கம் மட்டும் போயிருக்காது. அந்தப் புழுக்கத்தில்தான் நான் இருந்த வருஷங்களில் மாணவர் சங்கத் தேர்தல் வந்தது.

நான் இளங்கலை படித்தது தெற்கே ஒரு பெண்கள் கல்லூரியில். அங்கேயும் "ஸ்டூடண்ட் சேர்மன்" உண்டு. ஸ்டாஃப் ரூமில் பேர் முடிவாகும், நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், முடிந்தது. ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதுதான் சேர்மனின் தலையாய கடமை. ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைத் தெருவுக்கு இழுத்துவந்தவர்கள் கல்லூரி மாணவர்கள் என்று பரீட்சைக்குப் படித்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதிலும் எழுதினோம். அதே கட்டடத்தில் மெஸ் சாப்பாடு சரியில்லை என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

அங்கிருந்து 2013இல் எம்.ஏ. படிக்க டெல்லிக்குப் போனேன். பிறகு எம்.ஃபில்லுக்கும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

முதலில் என்னை மலைக்க வைத்தது, அந்தத் தேர்தலை நடத்துவதே மாணவர்கள் என்பது. தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கும். அதில் பேராசிரியர்களோ அதிகாரிகளோ இருக்க மாட்டார்கள். வேட்புமனு வாங்குவது, தள்ளுபடி செய்வது, ஓட்டுச்சீட்டு அச்சடிப்பது, பெட்டிக்குக் காவல் இருப்பது, எண்ணுவது எல்லாம் நம்மோடு வகுப்பில் உட்காரும் பையன்களும் பெண்களும்தான். நேற்று வரை என்னிடம் நோட்ஸ் கடன் கேட்ட ஒருத்தி கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, "கூட்ட நேரம் முடிந்துவிட்டது, மைக்கை அணையுங்கள்" என்று ஒரு கட்சியின் அகில இந்தியத் தலைவரைப் பார்த்துச் சொன்னாள். அவரும் அணைத்தார்.

இன்னொன்று காசு. 2006இல் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு, கல்லூரித் தேர்தல்களுக்கு விதிகள் எழுதியது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம், நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே முறைதான் நிற்கலாம், ஆராய்ச்சி மாணவர் என்றால் 28 வயதுக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம். காசையும் அடிதடியையும் ஒழிக்க வந்த விதிகள். இரண்டும் இல்லாமல் தேர்தல் நடத்திக்கொண்டிருந்த ஜே.என்.யூ.தான் அதில் மாட்டிக்கொண்டது! விதிகளை மீறுகிறார்கள் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. கடைசியில் வயது வரம்பு போன்ற சிலவற்றைத் தளர்த்திய பிறகு 2012 மார்ச்சில்தான் மறுபடி ஓட்டுப்போட்டார்கள். அந்த இடைவெளியில் படித்துப்போன சீனியர்கள், ஓட்டே போடாமல் பட்டம் வாங்கியதைச் சொந்த வீட்டுத் துக்கம் மாதிரி சொல்வார்கள்.

ஃப்ளெக்ஸ், குவார்ட்டர், பிரியாணி எதுவும் இல்லை என்றால் பிரச்சாரத்துக்கு மிஞ்சுவது தொண்டைதான். தொண்டையும் கால்களும்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணை இந்த அமைப்புகள் எப்படிப் பிடிக்கும் என்பது தனிக் கலை. கோதாவரி ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிவைத்த சில நாட்களிலேயே கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஒரு அக்கா.

"தமிழா? எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அட, எங்க சித்தி அங்கதான் இருக்காங்க. எந்த சென்டர்? சாப்பிட்டியா? ஃபார்ம்ல எல்லாம் கையெழுத்து வாங்கிட்டியா?"

அட்மிஷன் வரிசையில் கூடவே நின்றார். வங்கிக் கணக்கு திறக்க அழைத்துப்போனார். மெஸ் பில் எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். அரசியல் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு நாள் கங்கா டாபாவில், கல்லில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து என் மடியில் வைத்தார். "படிச்சுப் பாரு, கட்டாயம் ஒண்ணும் இல்ல." அடுத்த நாள் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அவரும் "எந்த ஊரும்மா?" என்றுதான் ஆரம்பித்தார்.

எல்லா அமைப்பிடமும் ஒரு பட்டியல் இருக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்தவர், ஒடியாப் பிள்ளைகளுக்கு ஒடியா தெரிந்தவர், பீகார் என்றால் மாவட்ட வாரியாக ஆள். சாதியும் அந்தப் பட்டியலில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பத்தியாக இருந்தது என்பதை எல்லோரும் அறிவார்கள், யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொல்கிறவர்களும் ஓட்டுக் கேட்க வரும்போது ஊர்க்காரரைத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. இந்தி தெரியாமல் போய் இறங்கிய எனக்கு அந்த அக்கா இல்லாவிட்டால் முதல் மாதமே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

இனி மெஸ்.

இரவுச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு மெஸ்ஸில் கூட்டம். வளாகத்தின் ஹாஸ்டல்களுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்: கங்கா, சபர்மதி, ஜீலம், தப்தி, காவேரி. பெரியார் ஹாஸ்டலும் உண்டு, அதுவும் ஆறுதான்; தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திய நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். தேர்தல் நெருங்க நெருங்க இந்த ஆறுகள் ஒவ்வொன்றிலும் தினம் ஒரு கூட்டம் நடக்கும். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மேஜைமேல் நாலு அமைப்பின் துண்டறிக்கை கிடக்கும். அதை அங்கே பர்ச்சா என்பார்கள். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் ஓர இடம்கூட விடாமல் நிரப்பியிருப்பார்கள். முதல் பத்தியில் அமெரிக்க ஏகாதிபத்தியம், இரண்டாவதில் மத்திய அரசு, மூன்றாவதில் துணைவேந்தர், கடைசியில் எதிர் அமைப்பு 1990களில் செய்த துரோகம். தால் கிண்ணத்தை அதன்மேல் வைத்துச் சாப்பிடுவோம். கிண்ணத்தின் அடி வட்டமாகப் பதிந்து மஞ்சளாக ஊறும். அப்படியும் மிச்ச வரிகளைப் படித்துக்கொண்டுதான் சாப்பிடுவோம். படிக்காமல் எழுந்தால் அடுத்து வரும் விவாதம் புரியாது.

பேச வருகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பார். பிரச்சாரத்தின் கடைசி நாட்களில் செருமல் மட்டும்தான் வரும், குரல் வராது. பின்னால் தோழர்கள் டஃப்லி என்கிற கைப்பறையைத் தட்டியபடி நிற்பார்கள். பேச்சு எப்படியும் பாலஸ்தீனத்தில் ஆரம்பித்துத் தண்ணீர்க் குழாயில் வந்து முடியும். புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. கூட இருந்த மலையாளிப் பெண்ணிடம், "இந்தக் குழாயைச் சரிசெய்ய இத்தனை நாடுகளைச் சுற்றிவர வேண்டுமா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பேச்சைக் கேட்காதே, கேள்வி நேரத்துக்கு இரு" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. பேச்சு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். கை கழுவிவிட்டு ஈரத்தோடு வந்து நின்ற ஒரு பெண் கேட்டாள்: "போன வருஷம் இதே இடத்தில் நின்று எல்லோருக்கும் ஹாஸ்டல் இடம் என்றீர்கள். என் அறையில் இரண்டு பேருக்கான இடத்தில் நாங்கள் மூன்று பேர் படுக்கிறோம். வந்து பார்க்கிறீர்களா?" வேட்பாளர் நிர்வாகத்தைத் திட்ட ஆரம்பித்தார். அவள் விடவில்லை. "நிர்வாகத்துக்கு நான் ஓட்டுப் போடவில்லை." மெஸ்ஸே மேஜையைத் தட்டியது. கூட்டம் முடிந்த பிறகும் அந்த வேட்பாளர் போகாமல் அவளோடு நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஓட்டுக்காகத்தான். இருக்கட்டுமே, நம்மூரில் ஓட்டுக்காகக்கூட யாரும் நின்று பதில் சொல்லிப் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்து அடுத்த ஹாஸ்டலுக்கு ஊர்வலமாகப் போவார்கள். அந்த நேரத்தில் வளாகத்தின் சாலைகளில் நடப்பது தனி சுகம். நள்ளிரவு தாண்டியும் டாபாக்களில் கூட்டம், ஒரு பக்கம் "லால் சலாம்", இன்னொரு பக்கம் "பாரத் மாதா கி ஜெய்", நடுவே ஆம்லெட் வாசனை. ஆறு மணி கேட்டுக்குள் வளர்ந்த எனக்கு, ராத்திரி ஒரு மணிக்குக் கையில் டீயோடு தனியாக நடந்து வருவதே ஒரு கொள்கை அறிக்கை மாதிரி இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. "சாப்பிட்டுப் படுத்துட்டேன்மா" என்று ஊர்வலத்தின் நடுவிலிருந்து சொல்லியிருக்கிறேன்.

வெளியே இருப்பவர்களுக்கு "இடதுசாரி வளாகம்" என்று ஒரே வண்ணமாகத் தெரியும். உள்ளே அந்தச் சிவப்புக்குள் எத்தனை சிவப்பு! ஐசா, எஸ்.எஃப்.ஐ., ஏ.ஐ.எஸ்.எஃப்., டி.எஸ்.எஃப். இவர்கள் வலதுசாரி ஏ.பி.வி.பி.யோடு போட்ட சண்டையைவிட தங்களுக்குள் போட்ட சண்டை அதிகம். நான் சேர்வதற்கு முந்தின வருஷம் நடந்த ஒன்றை வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வார்கள். 2012 குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரணாப் முகர்ஜியை ஆதரிப்பது என்று சி.பி.எம். முடிவெடுத்தது. அதன் மாணவர் அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் ஜே.என்.யூ. கிளை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தலைமை கிளையையே கலைத்துவிட்டது. கலைக்கப்பட்டவர்கள் தனியாக நின்றார்கள். அந்த செப்டம்பரில் அவர்களுடைய லெனின் குமார்தான் சங்கத் தலைவரானார். பின்னால் டி.எஸ்.எஃப். ஆனது இந்தக் கூட்டம்தான். கட்சி மேலிடத்தை எதிர்த்துவிட்டு மாணவர்களிடம் போய் நியாயம் கேட்டு ஜெயிப்பது என்பது நம்மூர் அரசியலை மட்டுமே பார்த்தவர்களுக்குக் கதை போலத்தான் இருக்கும். இதே வளாகத்தில் 1977இல் சங்கத் தலைவராக இருந்த, சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி, இந்திரா காந்தி வீட்டு வாசலில் அவரை நிறுத்திவைத்துக்கொண்டு "வேந்தர் பதவியிலிருந்து விலகுங்கள்" என்று மனுவை வாசித்த புகைப்படம் எல்லோரும் பார்த்ததுதான். பிரணாப் விஷயத்தில் கிளையைக் கலைத்த கட்சியின் அப்போதைய பொதுச் செயலாளர் பிரகாஷ் காரத், அவரும் இதே சங்கத்தின் பழைய தலைவர்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு தலைவர் வேட்பாளர்களின் விவாதம். ஜீலம் ஹாஸ்டலை ஒட்டிய புல்வெளியில் சாயங்காலமே இடம் பிடித்துவிடுவார்கள். அமைப்புக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் டஃப்லி. அப்போது படித்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அன்றைக்கு அதில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும், பழைய மாணவர்களும் வேலையிலிருந்து நேராக வந்துவிடுவார்கள். வேட்பாளர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பிறகு ஒருவரையொருவர் கேட்பார்கள். அதற்குப் பிறகு கூட்டத்திலிருந்து கேள்விகள். பிடிக்காதவர் பேசும்போது கூச்சல் கிளம்பும், ஆணையம் எழுந்து கத்தும், கடிகாரத்தை நிறுத்தும். நாகரிகமான சபை என்று நினைத்துக்கொண்டு யாரும் போகவேண்டாம்.

2015இல் ஏ.ஐ.எஸ்.எஃப். சார்பில் ஒருவர் நின்றார். வளாகத்தில் அது சின்ன அமைப்பு. 2013, 2014 இரண்டு வருஷமும் நான்கு நிர்வாகி இடங்களையும் அள்ளிய ஐசாதான் மறுபடியும் வரும் என்று கங்கா டாபா முழுக்கப் பேச்சு. அந்த இரவு அவர் பேசினார். பீகார் மண் ஒட்டிய இந்தி, நக்கல், நடுநடுவே சொந்த இடதுசாரிகளுக்கே ஒரு குத்து. எனக்கு அப்போதும் பாதி இந்திதான் புரியும். ஆனால் புல்வெளியில் என்ன நடந்தது என்பது புரிந்தது. எதிர் அமைப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் சிரிப்பை அடக்கினார்கள், பிறகு அடக்கவில்லை. அவர் கன்னையா குமார். தலைவராக ஜெயித்தார். துணைத் தலைவரும் பொதுச் செயலாளரும் ஐசா, இணைச் செயலாளர் ஏ.பி.வி.பி. ஒரே வாக்காளர்கள்தான், நான்கு பதவிக்கு மூன்று அமைப்பை அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதமே, நெட் தேர்வு உதவித்தொகை இல்லாத எம்.ஃபில். மாணவர்களுக்குக் கொடுத்துவந்த மாதம் 5,000 ரூபாயை நிறுத்துவதாகப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. சொல்ல, டெல்லியில் அதன் அலுவலக வாசலில் போய் உட்காரும் வேலை வந்தது. அந்த 5,000 ரூபாயில் நானும் இருந்தேன் என்பதால் இதை எழுதும்போது நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் இடத்தில் பேச வராதவர்களின் கதி என்ன? இந்தி அல்லது ஆங்கிலம், இரண்டில் ஒன்று நாக்கில் புரள வேண்டும். மணிப்பூர்ப் பெண்களும் நாங்களும் கேள்விகளை மனசுக்குள் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்து எழுந்திருப்பதற்குள் கூட்டம் அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். அறிவியல் துறைப் பிள்ளைகள் ஆய்வகத்தை விட்டு வரவே மாட்டார்கள்; இந்தக் கூத்தெல்லாம் சமூக அறிவியல்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். தலித் மாணவர்கள் கேட்டது இன்னும் கூர்மையானது: மேடையில் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், மைக்கை ஏன் எங்களிடம் தருவதில்லை? 2014இல் பாப்சா என்கிற மாணவர் அமைப்பு பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான். 2016 தலைவர் தேர்தலில் அவர்களுடைய ராகுல் சோன்பிம்ப்ளே இரண்டாவதாக வந்தபோது இடது, வலது இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் டஃப்லி சத்தம் அடங்கித்தான் போனது. "லால் சலாம்" கோஷத்தோடு "ஜெய் பீம்" சேர்ந்து ஒலித்ததற்கு ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வேமுலாவின் மரணம் ஒரு காரணம், இவர்கள் கேட்ட கேள்விகள் இன்னொரு காரணம்.

சந்திரசேகரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பீகாரின் சீவானிலிருந்து வந்தவர், 1990களில் இரண்டு முறை சங்கத் தலைவர். படிப்பு முடிந்ததும் ஊருக்கே திரும்பிப் போய்க் கட்சி வேலை செய்தார். 1997 மார்ச் 31 அன்று சீவானில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒவ்வொரு செப்டம்பரும் அவர் முகம் சுவரில் புதிதாக வரையப்படும். லிங்டோ விதிப்படி இன்று அவர் இரண்டாம் முறை நின்றிருக்கவே முடியாது.

விவாதத்துக்கு மறுநாள் பிரச்சாரம் கூடாது. இத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு எல்லோரும் துணி துவைப்பார்கள். வேட்பாளர்கள் தூங்குவார்கள். நாங்கள் மட்டும் டாபாவில் உட்கார்ந்து கூட்டிக்கழித்துப் பார்ப்போம். "ஒரு ஓட்டு என்ன செய்துவிடும்" என்று யாராவது சோம்பினால் 2000ஆம் ஆண்டுக் கதை வரும்: ஏ.பி.வி.பி.யின் சந்தீப் மகாபாத்ரா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானார். அந்த வருஷம் ஓட்டுப்போடாமல் தூங்கிய இடதுசாரி ஒருவர் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் இருந்திருக்கிறார், கேட்டால்.

எண்ணிக்கை ஒரு ராத்திரியில் முடியாது. காகிதச் சீட்டு, ஒவ்வொன்றையும் முகவர்கள் முன் விரித்துக் காட்ட வேண்டும். வெளியே போர்வை, பிஸ்கட் பாக்கெட்டோடு கூட்டம் கிடக்கும். உள்ளிருந்து ஒலிபெருக்கியில் கட்டுக்கட்டாக எண்ணிக்கை வர, ஒரு பக்கம் எழுந்து ஆடும், அரை மணியில் அது உட்கார மற்றது எழும். நான் கிளம்பிய பிறகு 2018இல் எண்ணும் இடத்தில் தகராறாகி அரை நாளுக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். 2020 ஜனவரி 5 அன்று முகமூடிக் கும்பல் ஹாஸ்டல்களுக்குள் புகுந்து அடித்ததில் சங்கத் தலைவர் ஐஷி கோஷின் மண்டை உடைந்தது. அடிதடி இல்லாத வளாகம் என்று நான் மேலே எழுதியது என் காலம் வரைக்கும்தான் பொருந்தும்.

அதற்குப் பிறகு கொரோனா, கொரோனா முடிந்தும் சாக்குகள். 2019க்கு அடுத்த தேர்தல் 2024 மார்ச்சில்தான் நடந்தது. தனஞ்சய் தலைவரானார், ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு தலித் தலைவர். இதற்கிடையில் ஜே.என்.யூ.வின் சொந்த நுழைவுத்தேர்வு போய், நாடு முழுக்கப் பொதுவான க்யூட் வந்துவிட்டது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கூடுதல் மதிப்பெண், மாணவர்கள் 1990களில் போராடித் திரும்ப வாங்கியது, அதுவும் போயிற்று. மெஸ் மேஜையில் யார் உட்கார்கிறார்கள் என்பதே மாறினால் என்ன கேள்வி வரும் என்பதும் மாறும்.

2025 நவம்பர் தேர்தலில் இடதுசாரிக் கூட்டணி நான்கு இடத்தையும் பிடித்தது, அதிதி மிஸ்ரா தலைவரானார். விவாதத்தை வீட்டு சோபாவில் உட்கார்ந்து யூடியூபில் தேடினேன். ஒவ்வொரு வேட்பாளரின் அனல் பறக்கும் நிமிடங்களும் தனித்தனி வீடியோவாக, இசை சேர்த்து, தலைப்பு போட்டு வருகின்றன. பேசுகிறவர்களின் கண் புல்வெளியைப் பார்க்கிறதா கேமராவைப் பார்க்கிறதா என்று எனக்குச் சந்தேகம். என் கண்ணில் பட்ட எதிலும் கேள்வி நேரம் இல்லை. யாராவது போனில் அதை முழுசாக எடுத்து வைத்திருந்தால் அனுப்புங்கள், ஆட்டமும் மங்கலுமாக இருந்தாலும் பரவாயில்லை. பேச்சுப் பகுதி வேண்டாம்.